‘முறிந்த வாள்’ நாவலில் உணர்ச்சியே இல்லையா, நமக்குத்தான் புலப்படவில்லையா?

நெடுவழியன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் போல் ஆண்டர்சனின் ‘தி புரோக்கன் ஸ்வோர்ட்’ (முறிந்த வாள்) நாவலை நாங்கள் நால்வர் சேர்ந்து சென்ற மாதம் வாசித்தோம். வாசித்து முடித்து உட்கார்ந்து பேசியபோது, நால்வரும் வாசித்தது ஒரே நூல்தானா என்ற ஐயமே எனக்கு வந்துவிட்டது. ஒருவர் கடைசி இருபது பக்கங்களைக் கலங்கிய கண்ணோடு வாசித்ததாகச் சொன்னார். இன்னொருவர், யார் செத்தாலும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும், மரச்சிற்பங்கள் மோதிக்கொள்வதைப் பார்த்ததுபோல் இருந்தது என்றும் சொன்னார். மூன்றாமவர் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர்ம் என்ற டேனிய வீரன் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தை வீட்டோடு எரித்துவிட்டு அவர்களுடைய நிலத்தில் குடியேறுகிறான். தப்பிப் பிழைத்த சூனியக்காரக் கிழவி ஒருத்தி அவனைச் சபிக்கிறாள். ஓர்முக்குப் பிறந்து ஞானஸ்நானம் பெறாமலிருந்த மூத்த மகனை எல்ஃபுகள் என்னும் மாயக் குலத்தாரின் சிற்றரசன் இம்ரிக் திருடிச் சென்று, அவனே டிரோல் என்னும் பூதக் குலப் பெண் ஒருத்தியிடம் பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் மாற்றி வைக்கிறான். திருடப்பட்டவன் ஸ்கேஃப்லோக், மாற்றாக வந்தவன் வால்கார்ட். முன்னவன் எல்ஃபுகளிடையே சிரித்து வளர்கிறான். பின்னவன் மனிதரிடையே வெறியேறி வளர்ந்து, தன்னை வளர்த்த குடும்பத்தையே அழிக்கிறான். எல்ஃபுகளுக்கும் டிரோல்களுக்கும் போர் மூள்கிறது. ஸ்கேஃப்லோக் ஃப்ரேடா என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவள் தன் தங்கை என்பது இருவருக்கும் தெரியாது. வடபுலத் தொன்மத்தின் ஏசிர் தேவர்கள் அவனுடைய பெயர்சூட்டு விழாவில் பரிசாக அனுப்பிய முறிந்த வாளை மீண்டும் இணைத்துத் தருமாறு கேட்டு அவன் அரக்கர் நாடு வரை செல்கிறான். அந்த வாள் உறையை விட்டு வெளியே வந்தால் ஓர் உயிரைக் குடிக்காமல் திரும்பாது.

இத்தனை துயரங்களை அடுக்கி வைத்த ஒரு கதை சிலருக்கு மட்டும் ஏன் பனிக்கட்டியாகத் தொடுகிறது என்பதுதான் என் கேள்வி.

மழைக்குருவி

பாதியில் மூடி வைத்த அந்த நண்பரின் பக்கம் நான் நிற்கிறேன், முழுவதும் வாசித்த பிறகும்.

இந்த நூலைக் குறை சொன்னால் உடனே, ‘உங்களுக்கு வடபுலத் தொன்மம் பழக்கமில்லை’ என்ற பதில் வரும். அது எனக்குப் பழக்கம்தான். ஸ்காண்டிநேவியத் தேவர்களின் கதைகளைச் சொல்லும் பழைய ஐஸ்லாந்து நூல்களான எட்டாக்களை மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறேன். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. வால்கார்டைப் பெற்ற டிரோல் அரசகுமாரி கோரா தொள்ளாயிரம் ஆண்டுகளாக இம்ரிக்கின் நிலவறையில் கட்டுண்டு கிடக்கிறாள். பிள்ளை மாற்றும் வேலைக்காக மட்டுமே கதை அவளிடம் செல்கிறது. தொள்ளாயிரம் ஆண்டு என்ற எண்ணைச் சொல்லிவிட்டு, அதன் பொருள் என்ன என்று ஒரு பத்தி நின்று யோசிக்காத ஆசிரியர், வாளின் வரலாற்றுக்கும் கப்பற்படையின் அணிவகுப்புக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார். ஃப்ரேடா தன் குடும்பமே அழிந்த சில நாட்களுக்குள் ஸ்கேஃப்லோக்கின் காதலியாகிவிடுகிறாள். அவளுடைய துக்கத்துக்கு எத்தனை வரிகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ‘உணர்ச்சியை அடக்கிச் சொல்லும் மரபு’ என்று இதற்குப் பெயரிடலாம். ஆனால் அடக்குவதற்கு முதலில் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

ஏட்டுச்சுவடி

மழைக்குருவி அவர்களுக்கு: கோராவைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. மற்றதை மறுக்கிறேன், சற்று நீளமாகவே.

ஐஸ்லாந்தின் பழைய உரைநடை வீரக்கதைகளான சாகாக்களில் கதைசொல்லி யாருடைய மனத்துக்குள்ளும் நுழைவதில்லை. என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதோடு அவன் வேலை முடிந்துவிடும். கிரெட்டிரின் சாகாவில் அவனுடைய அண்ணன் ஆட்லி கதவைத் திறந்து வெளியே வருகிறான். மறைந்திருந்தவன் ஈட்டியை இரு கைகளாலும் பிடித்து அவன் வயிற்றில் பாய்ச்சுகிறான். அகன்ற அலகுள்ள ஈட்டிகள்தாம் இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கின்றன போலும் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆட்லி வாசற்படியில் விழுகிறான். அவ்வளவுதான், அழுகையும் கிடையாது, நினைவோட்டமும் கிடையாது. நியாலின் சாகாவில் வீடு பற்றியெரியும்போது முதிய நியாலும் அவர் மனைவி பெர்க்தோராவும், பிரிய மறுத்த பேரப்பிள்ளையை நடுவில் கிடத்திக்கொண்டு, மாட்டுத்தோலைப் போர்த்திப் படுத்துக்கொள்கிறார்கள். பெர்க்தோராவுக்கு வெளியேற அனுமதி கிடைத்தும் அவர் செல்லவில்லை. அவர் மனத்தில் என்ன ஓடியது என்று கதைசொல்லி சொல்லியிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

ஆண்டர்சனின் பெற்றோர் ஸ்காண்டிநேவிய வழியினர். சிறுவயதில் சில காலம் அவர் டென்மார்க்கில் வாழ்ந்தார். பின்னாளில் ஹ்ரோல்ஃப் கிராக்கியின் சாகாவையே 1973இல் நாவலாகத் திருப்பிச் சொன்னார். பெயர்களை மட்டும் கடன் வாங்கியவர் அல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். உயிர் குடிக்காமல் உறைக்குத் திரும்பாத வாள் என்பது ஹெர்வோரின் சாகாவில் வரும் திர்ஃபிங். அதில் ஹெர்வோர் என்ற பெண் ஆண் வேடத்தில் சாம்சே தீவுக்குச் சென்று, தீ எரியும் கல்லறை மேட்டின்முன் நின்று, இறந்த தந்தையை எழுப்பி வாளைக் கேட்கிறாள். கொடுத்தால் உன் குலமே அழியும் என்று தந்தை எச்சரிக்கிறான்; அவள் வாங்கிக்கொண்டு போகிறாள். ஸ்கேஃப்லோக் தன் குடும்பத்தாரின் பிணங்களை எழுப்பும் அத்தியாயத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அவன் போரை வெல்லும் வழி கேட்டு எழுப்புகிறான். அவர்களோ அவன் யார் என்ற உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கங்களில் ஆசிரியர் அழவில்லை என்பது உண்மைதான். எனக்கு அந்த இடத்தில் நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

தெற்குவாசல்

நெடுவழியன் அவர்களே, நீங்கள் நால்வரும் வாசித்தது எந்தப் பதிப்பு? 1954இல் வெளிவந்த மூலப் பாடமும், 1971இல் லின் கார்ட்டர் தொகுத்த பாலன்டைன் பதிப்பக வரிசைக்காக ஆண்டர்சனே திருத்தி எழுதிய பாடமும் ஒன்றல்ல. முதல் பாடத்தை எழுதிய இளைஞனைப் பற்றி, அவன் ஏறக்குறைய வேறொரு மனிதன் என்பதுபோல 1971 முன்னுரையில் அவர் பேசுகிறார். தலைதெறிக்க ஓடும் கதை, சொற்பெருக்கு, ஓய்வே தராத மூர்க்கம் ஆகியவற்றை இன்று தான் எழுதமாட்டேன் என்பது அதன் சாரம்.

நெடுவழியன்

கேட்டது நல்லதாயிற்று. இப்போதுதான் விசாரித்தேன். நானும் கண்கலங்கியவரும் வாசித்தது 2002இல் பிரிட்டனில் மறுபதிப்பான 1954 பாடம். மரச்சிற்பம் என்று சொன்னவரிடம் இருப்பது 1971 பாடத்தின் பழைய காகித அட்டைப் பதிப்பு. பாதியில் மூடியவர் எங்களுடைய அதே 1954 பாடத்தைத்தான் வைத்திருக்கிறார் என்பதால், எல்லாப் பழியையும் பதிப்பின் தலையில் போட்டுவிட முடியவில்லை.

கடல்முத்து

ஆங்கிலக் கற்பனைக்கதை எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் முதல் பாடத்தின் பக்கம்தான் நின்றார். ‘மோதிரங்களின் தலைவன்’ எழுதிய டோல்கீனைவிட இந்த நாவலை உயர்த்திப் பேசியவர் அவர். 1961இல் தொடங்கிய அவருடைய எல்ரிக் கதைகளில் உயிர்களைக் குடிக்கும் ஸ்டார்ம்பிரிங்கர் என்ற கரிய வாளுக்குப் பின்னால் இந்த வாளின் நிழல் இருக்கிறது. டோல்கீனின் நடை பிள்ளைகளைத் தூங்கவைக்கும் ஆறுதல் நடை என்று 1978இல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் கட்டுரை அநியாயமானது என்பது என் கருத்து. ஆனால் ‘ஆறுதல் வேண்டாம்’ என்ற வாசகர் எதைத் தேடுகிறார் என்று அறிய அது உதவும்.

கருங்காலி

டோல்கீனை இங்கே ஆறுதல்காரராக நிறுத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலின் முதல் பாகம் வந்ததும் இதே 1954இல்தான். ஆயினும் ‘முறிந்த வாளோடு’ ஒப்பிட வேண்டியது அதை அன்று, டோல்கீனே எழுதிய தூரினின் கதையை. அதுவும் அறியாமல் தங்கையை மணந்தவனின் கதைதான். அதிலும் கரிய வாள் ஒன்று இருக்கிறது. ஃபின்லாந்தின் காவியமான கலேவலாவில் வரும் குல்லெர்வோவும், வோல்சுங் சாகாவில் டிராகனைக் கொன்ற சிகுர்தும் கலந்து உருவானவன் தூரின். உண்மை தெரிந்தபின் அவன் தன் வாளிடம், என்னை விரைவாகக் கொல்வாயா என்று கேட்கிறான். வாள் பதில் சொல்கிறது. சாகாக்களின் எந்தக் காட்சிக்கும் அது குறைந்ததன்று.

வேறுபாடு எங்கே என்றால், டோல்கீன் அந்தத் துயரத்துக்கு முன்னும் பின்னும் ஓர் உலகத்தை வைத்திருக்கிறார். தூரினின் தாய் மோர்வென் பல ஆண்டுகள் கழித்து மகனுடைய நடுகல்லின் அருகே உட்கார்ந்திருக்கிறாள்; சிறையிலிருந்து விடுபட்ட தந்தை ஹூரின் அங்கே வந்து சேர்கிறான்; இருவரும் ஓரிரு சொற்கள் பேசுகிறார்கள்; பொழுது சாய்ந்ததும் அவள் இறந்துவிடுகிறாள். ஆண்டர்சனிடம் துக்கம் உட்கார இடமில்லை. அடுத்த போர் வந்துவிடுகிறது.

ஏட்டுச்சுவடி

துக்கம் உட்கார இடமில்லை என்பது நல்ல கவனிப்பு. ஆனால் அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. டோல்கீன் பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபைப் பற்றிய 1936ஆம் ஆண்டின் சொற்பொழிவில், தோற்போம் என்று தெரிந்தும் நிற்கும் வீரத்தை வடபுலத்தின் பெரும் பங்களிப்பாகப் பாராட்டினார். உலகம் அழியும் ராக்னரோக் நாளில் ஃபென்ரிர் ஓநாய் தன்னை விழுங்கும் என்று தேவர்களின் தலைவன் ஓடினுக்குத் தெரியும்; தெரிந்தும் அவன் களத்தில் இறந்தவர்களுக்கான வல்ஹல்லா மண்டபத்தில் வீரர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த வீரத்தை டோல்கீன் மதித்தார். ஆனால் தன் கதைகளில் அதற்கு மேலே ஒரு கருணையை வைத்தார். அவர் கத்தோலிக்கர், வேறுவிதமாக எழுதியிருக்க முடியாது. ஆண்டர்சனின் நூலில் அந்த மேற்கூரை இல்லை. ஓடின் முன்பே போட்டுவைத்த பேரத்தின்படி ஃப்ரேடாவின் கைக்குழந்தையை எடுத்துச் செல்கிறான். தேவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதில் இந்த மனிதர்கள் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டவர்கள். கருணையைத் தேடும் வாசகருக்கு இது குளிராகத்தான் இருக்கும்.

பனைநிழல்

பிறந்தவுடன் தாயைப் பிரிந்து, வேறிடத்தில் வளர்ந்து, தன் இரத்தத்தோடே பொருதும் ஒருவன் என்றதும் எனக்குக் கர்ணன் நினைவுக்கு வந்துவிட்டான். அழிவு உறுதி என்று தெரிந்தும் நீர்க்கோல வாழ்வை விரும்பாமல் களத்துக்குச் சென்ற கம்பனின் கும்பகருணனும் வந்தான். நமக்கு இந்த வீரம் புதிதா என்ன?

மழைக்குருவி

புதிதன்று. ஆனால் அந்த ஒப்பீடு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது, பனைநிழல் அவர்களே. கர்ணனுக்குப் போருக்கு முன்பே உண்மை தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு அவன் தேர்ந்தெடுக்கிறான். கும்பகருணன் தம்பியிடம் வாய்விட்டுப் பேசுகிறான். ஏன் போகிறேன் என்று அவன் சொல்லும் சொற்களில்தான் அவன் முழுவதும் நிற்கிறான். ஸ்கேஃப்லோக்குக்கு அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

ஏட்டுச்சுவடி

அவனுக்கு இல்லை. ஃப்ரேடாவுக்கு இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் ஸ்கேஃப்லோக் அவளை விடத் தயாராக இல்லை, ஏனெனில் அவனை வளர்த்த எல்ஃபுகளுக்குப் பாவம் என்ற சொல்லே கிடையாது. அவளுக்கு உண்டு. காதல் சிறிதும் குறையாமலே அவள் பிரிந்து செல்கிறாள். நூல் முழுவதிலும், விதி தள்ளாமல் ஒருவர் தாமாகச் செய்யும் பெருஞ்செயல் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களை ஒப்புக்கு வைத்திருக்கிறார் என்ற உங்கள் குற்றச்சாட்டை இந்த ஒரு காட்சியை முன்வைத்து மீண்டும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மென்பனி

சற்று விலகிய பதிவு, ஆயினும் பொருளை விட்டு விலகவில்லை. ஈ. ஆர். எடிசனின் ‘தி வோர்ம் ஊரோபோரோஸ்’ நாவலை இங்கே யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. (மின்விளக்கு எடிசன் அல்லர், இவர் பிரிட்டிஷ் வணிக வாரியத்தில் அதிகாரியாக இருந்தவர், எகிலின் சாகாவை 1930இல் ஆங்கிலத்தில் தந்தவர்.) 1922இல் வந்த இந்நூலுக்கு வரும் எதிர்வினைகள் ‘முறிந்த வாளுக்கு’ வருவதைவிடக் கூர்மையாகப் பிளவுபட்டவை.

முதல் தடை மொழி. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எழுதிய அதை, உரையில்லாத பழம்பாடலை வாசிப்பதுபோல் வாசித்தேன். ஐம்பது பக்கம் தாண்டியபின் அந்த மொழி இல்லாமல் அந்த உலகம் நிற்காது என்று புரிந்தது. எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் கற்பனைக் கதைகளின் நடையைப் பற்றி எழுதிய கட்டுரையில் எடிசனை மெய்யான நடைக்குச் சான்றாக நிறுத்துகிறார். இரண்டாவது தடை பெயர்கள். டீமன், விட்ச் என்று நாடுகளுக்குப் பெயரிட்டிருப்பதைக் கண்டு சிரித்துவிட்டு மூடி வைப்பவர்கள் பலர். டோல்கீனே 1957இல் எழுதிய ஒரு கடிதத்தில், கற்பனை உலகங்களைப் படைத்தவர்களில் எடிசனையே தலைசிறந்தவராகக் கருதுவதாகச் சொல்லிவிட்டு, அவருடைய பெயரிடலையும் தத்துவத்தையும் பிடிக்கவில்லை என்று சேர்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது தடை முடிவு, உண்மையான சண்டை இங்கேதான். டீமன் நாட்டுப் பிரபுக்கள் பகைவரை வேரோடு அழித்துவிடுகிறார்கள். அழித்தபின், இனிப் போரிட யாரும் இல்லையே என்று வாடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வரம் கிடைக்கிறது. பகைவர்கள் மீண்டும் உயிரோடு வருகிறார்கள். முதல் அத்தியாயத்தில் வந்த தூதன் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறான். முதல் உலகப்போர் முடிந்து நான்கு ஆண்டுகளில் ஒருவர் இப்படி எழுதினார் என்பதை ஜீரணிக்க முடியாமல் நூலைத் தூக்கி எறிந்த வாசகர்களை அறிவேன். நானும் முதலில் எரிச்சலடைந்தேன். பிறகு ஸ்னோரியின் எட்டாவை வாசித்தபோது, வல்ஹல்லா வீரர்கள் பகல் முழுவதும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துவிட்டு மாலையில் எழுந்து ஒன்றாக விருந்துண்ணும் பகுதியைக் கண்டேன். எடிசன் வல்ஹல்லாவைத்தான் நாவலாக எழுதியிருக்கிறார். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பது இப்போது தெரியும்.

கருங்காலி

மென்பனி சொல்வதைக் கேட்டபின் ஒரு கேள்வி எழுகிறது. போரைக் கொண்டாடும் இந்த வடபுல ரசனைக்கு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரியும். இதே தொன்மங்களை நாஜிகள் இனவெறிக்குக் கொடியாக்கினார்கள். டோல்கீன் 1941இல் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தான் நேசித்த வடபுல உணர்வை ஹிட்லர் பாழாக்கிவிட்டான் என்று கொதிக்கிறார். இந்த நூல்களை வாசிக்கும்போது சிலருக்கு ஏற்படும் கூச்சத்தை நாம் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது.

தெற்குவாசல்

தள்ளவில்லை. ஆனால் ‘முறிந்த வாள்’ அந்தக் கூச்சத்துக்கு இரையாக வேண்டிய நூல் அன்று. கதையின் முதல் செயலே ஒரு நிலப்பறிப்பு. ஓர்ம் வெளிநாட்டிலிருந்து வந்து, ஒரு குடும்பத்தைக் கொளுத்தி, அந்த மண்ணில் வேலி கட்டுகிறான். அதன்பின் அவன் வீட்டில் நடப்பதெல்லாம் அந்தத் தீயிலிருந்து கிளம்பியது. குலப்பெருமை பேசும் நூல் தன் நாயகனின் தந்தையை இப்படி அறிமுகப்படுத்தாது. எல்ஃபுகளும் உயர்குலம் அல்லர்; அழகும் கொடுமையும் சமமாகக் கலந்தவர்கள். இரும்பை அவர்களால் தொட முடியாது, அதனால் இரும்பைத் தொடக்கூடிய ஒரு மனிதக் குழந்தை அவர்களுக்குக் கருவியாகத் தேவைப்படுகிறது. இம்ரிக்கின் ‘வளர்ப்பு’ என்பது அவ்வளவுதான்.

மழைக்குருவி

இரண்டு நாட்களாக எழுதாமலிருந்ததற்குக் காரணம், ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன பிரிவுக் காட்சியை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரேடா பிரியும் அத்தியாயத்தை முதல்முறை நான் வேகமாகக் கடந்திருக்கிறேன். அவள் அழாததை எழுத்தின் வறட்சி என்று எடுத்துக்கொண்டேன். அவள் அழுதால் நின்றுவிடுவாள் என்பதால் அழவில்லை என்று இப்போது தோன்றுகிறது. லீயாவும் இருக்கிறாள்: ஸ்கேஃப்லோக்கை வளர்த்த எல்ஃப் பெண், எல்ஃபுகளுக்குக் காதல் தெரியாது என்று நூல் மீண்டும் மீண்டும் சொல்ல, அவளிடம் மட்டும் அதற்கு ஏதோ பெயரில்லாத ஒன்று மிஞ்சிவிடுகிறது.

கோராவின் விஷயத்தில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. நிலவறையில் கிடந்த அந்த ஒருத்தியின் பக்கம் நூல் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாகா மரபு என்று அதை மூடாதீர்கள். கல்லறை மேட்டின்முன் நின்று இறந்த தந்தையோடு வாதாடிய ஹெர்வோரை நீங்களே இங்கு அழைத்து வந்தீர்கள். அந்த மரபு ஒரு பெண்ணைப் பேச விட்டிருக்கிறது.

ஏட்டுச்சுவடி

என் சாட்சியையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெடுவழியன்

மரச்சிற்பம் என்று சொன்ன நண்பருக்கு இந்த இழையைக் காட்டினேன். 1954 பாடத்தை என்னிடமிருந்து வாங்கிச் சென்றிருக்கிறார். பிணங்களை எழுப்பும் அத்தியாயத்தை மட்டும் இரண்டு பாடங்களிலும் அடுத்தடுத்து வாசிக்கப் போகிறாராம். பாதியில் மூடியவர் இன்னும் மூடியபடியே இருக்கிறார். தூரினின் கதை ‘ஹூரினின் பிள்ளைகள்’ என்று 2007இல் தனி நூலாக வந்ததே, அதைக் கொடுத்தால் வாசிப்பாரா என்று கேட்டேன். அதிலும் எல்லோரும் செத்துவிடுவார்களா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ஹெர்வோரின் சாகாவுக்கு எளிய ஆங்கில மொழிபெயர்ப்பு எது என்று யாராவது சொன்னால், நான் அடுத்து அதைத் தொடங்குவேன்.

ஏட்டுச்சுவடி

கிறிஸ்டோபர் டோல்கீன் 1960இல் வெளியிட்ட பதிப்பில் ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமும் இருக்கும். ஆம், நாம் பேசிய டோல்கீனின் மகனேதான். கல்லறை மேட்டுப் பாடல் வரும் இடம் வரை நிறுத்தாமல் வாசியுங்கள். ஒரே இரவில் முடிந்துவிடும்.